மலையேற்றத்தில் மூவகை அறிவு

வானளாவிய மலைகளைக் கண்டு வணங்கிய மனிதன், நாளடைவில் அவற்றின் முடிமீது ஏறிநின்று உலகைக் காணவும் விழைந்தான். அவ்விழைவே மலையேற்றம் என்னும் அருஞ்செயலாக வளர்ந்தது. இதற்கு உடலுரமும் நெஞ்சத் துணிவும் வேண்டும் என்பதை எவரும் அறிவர். எனினும், அவ்விரண்டு மட்டுமே போதா. ஒரு செயலை மேற்கொள்வோன் தன் வலியையும், அதற்குரிய காலத்தையும், இடத்தின் இயல்பையும் ஆராய்ந்து அறிதல் வேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருத்தல் இங்கு எண்ணத்தக்கது. அரசியலில் கூறப்பெற்ற அம்மூவகை அறிவு மலையேறுவோர்க்கும் உயிர்த்துணையாகும். 1953ஆம் ஆண்டில் எவரெஸ்டுச் சிகரத்தை அடைந்த குழுவினரின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

முதற்கண் இடத்தின் இயல்பைக் காண்போம். எவரெஸ்டு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 8,849 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆதலின், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளி மிகவும் குறைந்துவிடுகிறது. சில அடிகள் எடுத்து வைப்பதற்குள் மூச்சுத் திணறும், கால்கள் தளரும், அறிவும் மழுங்கும். இஃது ஒரு பகை.

கடுங்குளிர் மற்றொரு பகை. குளிரால் குருதியோட்டம் குன்றிக் கைவிரல்களும் கால்விரல்களும் உணர்விழந்து, கருகி, இறுதியில் வெட்டி நீக்கப்படும் நிலையை அடைதலும் உண்டு. மூன்றாவது பகை தாகம். எங்கு நோக்கினும் பனி நிறைந்திருக்க, அங்குத் தாகம் ஏற்படுமோ எனச் சிலர் வியக்கலாம். உலர்ந்த காற்றில் விரைந்து மூச்சுவிடுவதால் உடலின் நீர் இடைவிடாது வெளியேறுகிறது. பனியை உருக்கினாலன்றிக் குடிநீர் இல்லை. அதனை உருக்க அடுப்பும் எரிபொருளும் வேண்டும். ஆகவே, அம்மலையில் அடுப்பை இழந்தவன் நீரையும் இழந்தவனாகிறான்.

இவ்வுண்மையை 1952ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று நன்கு விளக்கும். அவ்வாண்டு சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவினர் எவரெஸ்டில் ஏற முயன்றனர். அக்குழுவைச் சேர்ந்த இரேமண்டு இலாம்பர்ட்டும், டார்ஜிலிங்கில் வாழ்ந்த டென்சிங்கும் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. அவர்களிடம் அடுப்பு இல்லை. உள்ளே நுழைந்து உறங்குதற்குரிய தூவிப் பைகளும் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியைச் சிறிதளவே உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். மறுநாள் அரும்பாடுபட்டு ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறித் திரும்பினர். துணிவில் அவர்கள் எவர்க்கும் குறைந்தவரல்லர். வேண்டிய கருவிகளே அவர்களிடம் இல்லை.

அடுத்த ஆண்டு, ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழுவினர் புறப்பட்டனர். மலையேறுவோரின் உடலியல்பை ஆராய்ந்த கிரிபித் பியூ என்னும் அறிஞரும் அவர்களுடன் சென்றார். ஒருவர் நாள்தோறும் எவ்வளவு நீர் பருகுதல் வேண்டும், உயிர்வளி எவ்வளவு தேவை, உடலை உயரத்துக்குப் படிப்படியாகப் பழக்குவது எவ்வாறு என்பனவற்றை அவர் முன்னரே ஆராய்ந்திருந்தார். குளிர் புகாத காலணிகளும், நல்ல அடுப்புகளும், உயிர்வளி நிரப்பிய உருளைகளும் கொண்டுசெல்லப்பட்டன. இவற்றைச் சுமந்து சென்றோர் 350க்கும் மேற்பட்டோர். செர்ப்பா மக்களின் தோள்வலி இன்றேல், அப்பயணமே இல்லை எனலாம்.

மே 26ஆம் நாள் சார்லஸ் எவான்ஸ், டாம் போர்டில்லன் என்னும் இருவர் முதலில் உச்சியை நோக்கிச் சென்றனர். நண்பகல் ஒரு மணி அளவில், அதுகாறும் எம்மனிதனும் எட்டாத தென்முகட்டை அடைந்தனர். உச்சி ஏறத்தாழ 300 அடி உயரத்தில் அவர்கள் கண்முன்னே நின்றது. ஆனால், எவான்ஸின் உயிர்வளிக் கருவி பழுதுற்றிருந்தது; எஞ்சிய உயிர்வளியும் சிறிதே; பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. மேற்சென்றால் உச்சியை ஒருகால் அடையலாம். உயிருடன் மீளுதல் அரிது. போர்டில்லனின் உள்ளம் முன்செல்லத் துடித்தது. எனினும், இருவரும் திரும்பினர். இறங்கும் வழியில் கால்வழுக்கி விழுந்தும் எழுந்தும், சோர்ந்த உடலோடு கூடாரம் வந்து சேர்ந்தனர்.

மே 28ஆம் நாள் இரவு, எட்மண்டு ஹில்லாரியும் டென்சிங்கும் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் தங்கினர். இம்முறை டென்சிங்கிடம் அடுப்பு இருந்தது. இருவரும் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரை வேண்டுமளவு பருகினர். டென்சிங் காலணிகளைக் கழற்றாமலே உறங்கினார். ஹில்லாரி கழற்றி வைத்த காலணிகளோ, விடியுமுன் கல்லென உறைந்துவிட்டன. அவற்றை அடுப்பின் அனலில் காட்டி இளக்குவதிலேயே நெடும்பொழுது கழிந்தது. உலகின் உச்சிக்குச் செல்லும் நாளில் ஒரு காலணியும் ஓர் அடுப்பும் எத்துணைப் பெரும்பொருளாயின!

அவர்களிடமிருந்த உயிர்வளி எதிர்பார்த்ததினும் குறைவு. ஆயினும், எவான்ஸும் போர்டில்லனும் வழியில் விட்டுச்சென்ற இரண்டு உருளைகளில் ஓரளவு உயிர்வளி எஞ்சியிருந்தது. திரும்பும்போது அவை உதவும் என்று கணக்கிட்டே இருவரும் மேலேறினர். மே 29ஆம் நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு உச்சியை அடைந்து, கால்மணி நேரமே அங்கு நின்று, உடனே இறங்கத் தொடங்கினர். ஏறுதல் பாதிப்பணி, இறங்கி மீள்வதே முழுப்பணி என்பதை அவர்கள் மறந்தாரல்லர். முன்னர்த் திரும்பியவர்களின் உழைப்பு பின்னர்ச் சென்றவர்க்குப் படியாக அமைந்தது.

திரும்பி வந்த எவான்ஸின் பெருமை அத்துடன் முடியவில்லை. 1955ஆம் ஆண்டில் கஞ்சன்ஜங்கா மலையேறிய குழுவுக்கு அவரே தலைமை பூண்டார். அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் சிக்கிம் மக்களுக்கு அளித்த உறுதிமொழியைக் காத்து, அவர்தம் குழுவினர் உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். டென்சிங்கோ, 1954ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கில் தொடங்கப்பெற்ற இமயமலையேற்றப் பயிற்சி நிலையத்தில் களப்பயிற்சித் தலைவராகித் தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தார்.

எவரெஸ்டுக்குச் செல்வோர் சிலரே. ஆயினும், அருகிலுள்ள குன்றுக்குச் செல்லும் மாணவர்க்கும் இப்பாடம் பொருந்தும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் பெரியோரிடம் கூறிச் செல்லுதல், வேண்டுமளவு நீர் கொண்டுசெல்லுதல், தனித்துச் செல்லாமை, வானம் இருளினும் உடல் தளரினும் தயங்காது திரும்புதல் ஆகியன அவர்கள் கடைப்பிடிக்க வேண்டுவன. மலை நாளையும் அங்கேயே நிற்கும். உயிரோ போனால் மீளாது. துணிவு முன்செல்லத் தூண்டும். அறிவு நின்று எண்ணச் செய்யும். இவ்விரண்டும் ஒருங்கே பெற்றவரே உண்மை வீரராவர்.