கலிங்கப்பட்டியிலிருந்து டெல்லிக்கு: வைகோவின் நாடாளுமன்ற ஆண்டுகளும் நம் கடைத்தெருவும்

2025 ஜூலை 24-ஆம் தேதியோடு மாநிலங்களவையில் வைகோவின் பதவிக்காலம் முடிந்தது. 1978-இல் முதன்முறை அந்த அவைக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 33. நடுவில் விட்டுப்போன காலத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால், மாநிலங்களவையில் 1978 முதல் 1996 வரை 18 ஆண்டுகள், சிவகாசித் தொகுதியின் மக்களவை உறுப்பினராக 1998 முதல் 2004 வரை 6 ஆண்டுகள், கடைசியாக 2019 முதல் 6 ஆண்டுகள். ஆக மொத்தம் 30 ஆண்டுகள். சங்கரன்கோவில் தாலுகாவில் திருவேங்கடம் பக்கம் கலிங்கப்பட்டி என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த ஒருவர் இத்தனை காலம் டெல்லியில் பேசியிருக்கிறார். அவர் கட்சியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நம் சங்கத்தில் சரிபாதி உண்டு. எனவே கட்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வியாபாரிகள் என்ற முறையில் இந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறோம்.

'அவரால் சங்கரன்கோவிலுக்கு என்ன வந்தது?' என்பதுதான் நம் கடைத்தெருவில் முதலில் எழும் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சங்கரன்கோவில் மக்களவைக்கு வாக்களிப்பது தென்காசித் தனித் தொகுதியில். வைகோ என்றுமே நம் தொகுதி எம்.பி.யாக இருந்ததில்லை. மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள், அவருக்கென்று ஊரும் கிடையாது, தொகுதியும் கிடையாது. தென்காசியிலிருந்து 6 முறை வென்ற எம். அருணாசலம் காங்கிரஸ் ஆட்சியில் இணை அமைச்சராகவும், 1996-இல் தேவகவுடா அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சராகவும் இருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், ஆனால் நாற்காலி கிடைத்தது. வைகோவுக்கு இடி முழக்கம் போன்ற பேச்சு வாய்த்தது. நாற்காலியை அவர் ஏற்கவில்லை. 1999-இல் வாஜ்பாய் அரசில் அவர் கட்சியினரான கண்ணப்பனும் செஞ்சி ராமச்சந்திரனும்தான் இணை அமைச்சர்கள் ஆனார்கள்.

அமைச்சராகாத எம்.பி.யின் கையில் இருப்பது கேள்வி நேரம், விவாதம், தனிநபர் மசோதா, பிரதமரைச் சந்தித்துக் கொடுக்கும் மனு ஆகியவைதாம். 1980-களில் போபர்ஸ் விவகாரத்திலும், 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்திலும் அவர் எழுப்பிய குரலை அன்றைய நாளிதழ்கள் தவறாமல் பதிவு செய்தன. ஆளுங்கட்சி வரிசையோடு மல்லுக்கட்டியவர் என்பதால் 'நாடாளுமன்றப் புலி' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. நதிகளை தேசியமயமாக்கி இணைக்க வேண்டும் என்று மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று, தான் அங்கம் வகித்த கூட்டணியின் அரசிடமே போராடினார். 23 ஆண்டுகள் கழித்து 2019 ஜூலை 25-இல் மீண்டும் மாநிலங்களவையில் உறுதிமொழி எடுத்த அன்றே, கேள்வி நேரத்தில் எழுந்து நூற்பாலைகளின் நெருக்கடியைப் பற்றிக் கேட்டார். விசைத்தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் நம் ஊருக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். தறி நின்றால் மளிகைக் கடையில் பற்று ஏறும்.

சில்லறை வணிகத்துக்கு வருவோம். 2011 நவம்பர் 24-இல் மத்திய அமைச்சரவை, பல பொருள் சில்லறை விற்பனையில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை அனுமதிக்க முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்து, 2012 செப்டம்பர் 14-இல் மறுபடி அறிவித்தார்கள். ஒரு நிறுவனம் குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு செய்ய வேண்டும், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் கடை திறக்கலாம், 30 சதவீதச் சரக்கைச் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தந்த மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்பன நிபந்தனைகள். செப்டம்பர் 20-இல் நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. த. வெள்ளையன் போன்ற வணிகர் தலைவர்கள் ஊர் ஊராய்ச் சென்று எச்சரித்த காலம் அது. வைகோவும் அவர் கட்சியும் அந்த முதலீட்டை எதிர்த்து வணிகர்கள் பக்கம் நின்றார்கள். ஆனால் அப்போது அவர் எந்த அவையிலும் இல்லை. 2009-இல் விருதுநகரில் தோற்றிருந்தார். டிசம்பர் 5-இல் மக்களவையில் 253-க்கு 218 என்ற கணக்கிலும், இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் 123-க்கு 109 என்ற கணக்கிலும் அரசு வென்றது. செப்டம்பர் கடையடைப்பை ஆதரித்த தி.மு.க., டிசம்பரில் அரசுக்கு வாக்களித்தது. தெருவில் நம்மோடு நிற்பவர் வேறு, அவையில் பொத்தானை அழுத்துபவர் வேறு என்பதை வணிகர்கள் அந்த வாரம் நேரில் கண்டோம்.

இனிப் பற்றுப் பக்கம். வைகோவின் அரசியல் போராட்ட அரசியல். போராட்டம் என்றால் முதலில் இறங்குவது நம் ஷட்டர்தான். ஈழத்தமிழர் படுகொலையைக் கண்டித்து 2009 பிப்ரவரி 4-இல் நடந்த பொது வேலைநிறுத்தத்தை அழைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நாளில் கடையை மூடியதில் பலருக்கு மனவருத்தம் இல்லை. முல்லைப் பெரியாறு விவகாரம் அப்படி எளிதாக இருக்கவில்லை. 2011 டிசம்பரில் கேரளம் போகும் சாலைகளை மறிக்கும் போராட்டத்தை அவர் முன்னின்று நடத்தினார். 1895 முதல் ஐந்து மாவட்ட மக்களுக்கு உயிர்த் தண்ணீராக இருக்கும் அணை; 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2006-இலேயே சொல்லியும் கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. கோரிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பூச்சந்தையின் மல்லிகையும் பிச்சியும், சுற்றுவட்டாரக் காய்கறியும் புளியரை தாண்டினால்தான் விலை. பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. மறியல் முடிந்த பிறகு திறக்கும் பாதையால் வாடிய பூவுக்கு என்ன பயன்? 2014 மே 7-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு தமிழகத்துக்குச் சாதகமாக வந்தது. அந்தத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தது வழக்காடு மன்றமே தவிர, லாரியை நிறுத்திய சாலை அல்ல என்பது நம் கருத்து. மறியல் இல்லாவிட்டால் டெல்லி திரும்பிக்கூடப் பார்த்திருக்காது என்று வாதிடும் உறுப்பினர்களும் நம்மிடையே உண்டு.

வழக்காடு மன்றம் என்றதும் ஸ்டெர்லைட் நினைவுக்கு வருகிறது. அவர் வழக்கறிஞர், தம் வழக்கில் தாமே வாதாடுபவர். அவரும் பிறரும் தொடுத்த மனுக்களில்தான் 2010 செப்டம்பர் 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் தூத்துக்குடி ஆலையை மூடச் சொன்னது. 2013 ஏப்ரல் 2-இல் உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்துவிட்டு ஆலையை ஓட அனுமதித்தது. வழக்குத் தொடுத்தவர்களைப் பாராட்டவும் செய்தது. 2018 மார்ச் 24-இல் தூத்துக்குடி வணிகர்கள் முழுக் கடையடைப்பு நடத்தினார்கள். மே 22-இல் துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள். அதன் பிறகே ஆலைக்குப் பூட்டு. 2024 பிப்ரவரி 29-இல் உச்சநீதிமன்றமும் அந்தப் பூட்டை உறுதி செய்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் தந்த ஆலை நின்றதால் நாடு தாமிரத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது உண்மை. லாரித் தொழிலும் துறைமுகக் கூலியும் அடிவாங்கியதும் உண்மை. அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் தூத்துக்குடிக்காரர்கள் கடையை அடைத்தார்கள்.

சீமைக் கருவேலம் பற்றிய வழக்கும் அவருடையதே. 2017-இல் மதுரைக் கிளை அகற்ற உத்தரவிட்டது, பின்பு அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. நம் பகுதியில் அந்த மரத்தைத் திட்டாத சம்சாரியும் இல்லை, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்காத ஊரும் குறைவு.

நம் தொழிலை நேராகத் தொட்டது மதுவிலக்குதான். 2012 டிசம்பரில் உவரியிலிருந்து மதுரைக்கு நடந்தார். 2013 பிப்ரவரியில் கோவளத்திலிருந்து நடந்தபோது, முதலமைச்சர் ஜெயலலிதா வழியில் காரை நிறுத்தி அவரிடம் பேசிச் சென்றார். 2015 ஆகஸ்டில் கலிங்கப்பட்டியிலேயே டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் போராட்டம் வெடித்தது. அவருடைய தாயார் மாரியம்மாள் தள்ளாத வயதில் முன்னால் போய் உட்கார்ந்தார். கண்ணீர்ப்புகை குண்டு வரை போனது. அந்த அம்மையார் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். சனிக்கிழமை கூலி வாங்கும் தறிக்காரர் நம் கடைக்கு வருமுன் எந்தக் கடைக்குப் போகிறார் என்பதை மளிகைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பற்று நோட்டில் வராக்கடன் என்று எழுதியதில் பாதி அந்தக் கணக்குதான். இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சி மாறினாலும் கூட்டணி மாறினாலும் பேச்சு மாறவில்லை.

கூட்டணி மாறியதைச் சொல்லாமல் விட முடியாது. 1993-இல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு 1994-இல் ம.தி.மு.க.வைத் தொடங்கியவர் 1998-இல் அ.தி.மு.க.வோடு, 1999-இல் தி.மு.க.வோடு, 2006-இல் அ.தி.மு.க.வோடு, 2011-இல் தேர்தல் புறக்கணிப்பு, 2014-இல் பா.ஜ.க.வோடு, 2016-இல் மக்கள் நலக் கூட்டணி, பிறகு மீண்டும் தி.மு.க. என்று போனார். தவணை முறையில் சரக்கு வாங்குபவர்கூட இத்தனை மொத்தக் கடை மாற மாட்டார். 2012 மார்ச்சில் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வந்தது. சொந்த மண், அவரே தெருத்தெருவாக வாக்குக் கேட்டார். அவர் கட்சி வேட்பாளர் மூன்றாம் இடம்தான் வந்தார். கூட்டம் கூடும், வாக்கு விழாது என்ற பேச்சு அப்போது உறுதியாயிற்று. குடும்ப அரசியலை எதிர்த்துத் தனிக்கட்சி கண்டவரின் மகன் துரை வைகோ 2024-இல் திருச்சியில் தீப்பெட்டிச் சின்னத்தில் வென்று எம்.பி. ஆனதையும் மக்கள் கவனிக்காமல் இல்லை.

போட்டா சட்டக் கதை இன்னும் கசப்பானது. 2002 மார்ச்சில் கூட்டணிக் கட்டுப்பாட்டில் அந்தச் சட்டத்தை அவர் கட்சி ஆதரித்தது. திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக ஜூலை 11-இல் அதே சட்டத்தில் அவரே கைதானார். வேலூர்ச் சிறையில் 19 மாதங்கள். வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம் விளக்கம் தந்த பிறகு, 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வந்தார். 2019 ஜூலையிலும் 2009-ஆம் ஆண்டுப் பேச்சொன்றுக்காகத் தேசத்துரோக வழக்கில் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட, அதே மாதம் மாநிலங்களவைக்குப் போனார். ஆகஸ்டில் காஷ்மீர் மசோதா வந்தபோது, காங்கிரசையும் சாடிவிட்டு மசோதாவையும் எதிர்த்தார்.

இப்போது அவர் அந்த அவையில் இல்லை. ஆனால் 2012-இல் அறிவித்த சில்லறை வணிக அந்நிய முதலீட்டுக் கொள்கை அரசின் ஏட்டில் அப்படியேதான் இருக்கிறது. ஆட்சி மாறியும் எடுக்கப்படவில்லை. சம்மதம் தெரிவித்த மாநிலங்களில் மட்டும் கடை திறக்கலாம் என்ற நிபந்தனையும் அதோடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் பெயர் இல்லை. அதைச் சேர்ப்பதும் சேர்க்காமல் இருப்பதும் சென்னைக் கோட்டையின் கையில். தென்காசி எம்.பி.யிடம் கொடுக்கும் மனுவின் நகலொன்றை நம் எம்.எல்.ஏ.விடமும் கொடுக்க வேண்டியது இதனால்தான்.