கடலில் இறங்கும் சரக்குப் பெட்டி

கரையிலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் அப்பால் காவல் நிற்கும் போர்க்கப்பலில் முக்கியமான உதிரிபாகம் ஒன்று பழுதானால், அதற்காகக் கப்பலையே கரைப்பக்கம் திருப்புவது பல நாள் காவலை இழப்பதாகும். அமெரிக்கக் கடற்படை இத்தகைய பொருள்களைக் கொண்டுசேர்க்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய சி-2 கிரேஹவுண்ட் என்னும் சரக்கு விமானம், தன் வால்கொக்கி மேல்தளத்துக் கம்பிவடத்தைப் பற்றிக்கொள்ள, விமானந்தாங்கிக் கப்பலிலேயே இறங்கிவிடும். கவண்பொறி, அதாவது விமானத்தை விசையுடன் முன்னே இழுத்தெறியும் எந்திரம், அதை மீண்டும் பறக்கச் செய்யும். விக்ராந்த், விக்ரமாதித்யா ஆகிய இந்தியக் கப்பல்களிலோ முனை மேல்நோக்கி வளைந்த ஓடுதளமே உண்டு. பாரம் ஏற்றிய சரக்கு விமானத்துக்கு அது போதாது.

எனவே இந்தியா வேறு வழியை, செலவு குறைந்த வழி என்றே சொல்லலாம், தேர்ந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் விசாகப்பட்டினம், ஆக்ரா, பெங்களூரு ஆய்வகங்கள் இணைந்து உருவாக்கிய ஏடிசி-150 என்ற கொள்கலன் 150 கிலோ பாரம் சுமக்கும். விமானத்திலிருந்து விடுபட்டதும் பாராசூட் விரிந்து வேகத்தைத் தணிக்க, கப்பலுக்கு அருகே கடலில் இறங்கும், கப்பலினர் அதை மீட்டெடுப்பர். 2023 ஏப்ரல் 27 அன்று கோவா கடற்பரப்பில் ஐஎல்-38எஸ்டி விமானத்திலிருந்து அது முதன்முறை சோதிக்கப்பட்டது.

அந்த ரக விமானம் அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றது. அது செய்துவந்த நெடுந்தொலைவுக் கடற்கண்காணிப்பில் இன்று முன்நிற்பது பி-8ஐ விமானம். அதன் முதல் தளமான ஐஎன்எஸ் ராஜாளி அரக்கோணத்தில் இருக்கிறது.