கடின நிலத்தில் டிராக்டர் கொண்டு வேலிக்குழி தோண்டுதல்

சரளையும் சுக்கானும் கலந்த நிலத்தில் வேலித்தூண் நாட்டக் கடப்பாறையால் குழி எடுப்பது எத்துணைக் கடினம் என்பதை விவசாயிகள் நன்கறிவர். இவ்வேலைக்கு டிராக்டரின் பின்புறம் பொருத்தும் திருகுக் கருவி பெரிதும் உதவுகின்றது. எஞ்சினின் சக்தி சுழல்தண்டின் வழியாகப் பற்சக்கரப் பெட்டியை அடைந்து திருகைச் சுழற்றும். திருகின் நுனிப்பற்கள் மண்ணை வெட்ட, சுருள்தகடு அதனை மேலே கொணரும்.

இக்கருவி பெரும்பாலும் தன் எடையினாலேயே நிலத்துள் இறங்குவதாகும். ஆதலால் இறுகிய தரையில் பற்கள் வெட்டாமல் உராய்ந்து நிற்பதுண்டு. அச்சமயம் ஆட்களை அதன்மேல் ஏற்றி அழுத்துதல் பெரும் அபாயமாகும். நிமிஷத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டு, விநாடி ஒன்றுக்கு 9 முறை சுற்றுகின்றது. தோள்துண்டோ சேலைத்தலைப்போ அதிற் சிக்கினால், எஞ்சினை நிறுத்துவதற்குள் உயிர்ச்சேதம் நேரிடும். தண்டின்மீதுள்ள உறையைக் கழற்றுதல் கூடாது. ஓட்டுபவரைத் தவிர ஏனையோர் விலகி நிற்றல் வேண்டும்.

கடின நிலத்தை இளக்குவதற்கு ஆள்பாரம் ஏற்றது அன்று, ஈரமே ஏற்றது. மழை பெய்து ஈரம் உள்ளிறங்கிய பின்னர் வேலை தொடங்குதல் நலம். மழையில்லாவிடில், குறித்த இடங்களில் சிறு பள்ளம் பறித்து முதல்நாள் மாலையில் நீர் ஊற்றி வைக்கலாம். சேறாகும்படி நனைத்தால் மண் சுருளில் ஒட்டிக்கொள்ளும். திருகை மெதுவாகச் சுழலவிட்டு, அரையடிக்கு ஒருமுறை மேலே தூக்கி மண்ணை உதறுதல் அவசியம். தேய்ந்த பற்களை உடனே மாற்றுதல் வேண்டும்.

பாறையில் முட்டும்போது முறிந்து பற்சக்கரங்களைக் காப்பதற்கென்றே கருவியில் ஓர் ஆணி அமைக்கப்பட்டுள்ளது. அது அடிக்கடி முறிகின்றதென்று அதனினும் உறுதியான ஆணியைப் பூட்டினால், ஆணிக்குப் பதிலாகப் பற்சக்கரமே உடையும். திருகு மண்ணிற் புதைந்து நின்றுவிடின், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைக்கருவியால் திருகைப் பின்புறமாகத் திருப்பி எடுத்தல் வேண்டும்.

தோண்டுமுன் நில அளவைக் கற்களைக் கண்டு எல்லையை உறுதி செய்துகொள்ளுதலும், குடிநீர்க் குழாய், மின்கம்பி முதலியன பூமிக்கடியிற் செல்கின்றனவா என விசாரித்தலும் இன்றியமையாதவை. இவற்றைக் காட்டிக் கொடுத்துக் கிராம அதிகாரிகள் உதவினால், பின்னர் வழக்கும் நஷ்டமும் நேரா. தோண்டிய குழியை அன்றே தூண் நாட்டி மூடிவிடுதல், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் க்ஷேமமாகும்.