கரியமில வாயுவைக் கல்லாக்கும் எரிமலைப் பாறை

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் குழாயிலும் மோட்டாரிலும் வெள்ளையாகப் படிவு ஏற்படும் என்பது விவசாயிகள் அறிந்ததே. மோட்டார் நின்றுபோனால் செலவுதான். ஆனால் ஐஸ்லாந்து நாட்டில் இத்தகைய படிவால் ஒரு நீர்மூழ்கி மோட்டார் பழுதடைந்தது, ஒரு முக்கியமான ஆராய்ச்சி வெற்றி பெற்றதற்கு அடையாளமாக அமைந்தது.

நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரிப்பதாலும், சிமெண்ட், இரும்பு ஆலைகளாலும் காற்றில் கரியமில வாயு பெருகி வருகிறது. இதனால் பூமியின் வெப்பம் கூடுகிறது. பருவம் தவறிய மழையும் கடும் வறட்சியும் முதலில் தாக்குவது விவசாயியைத்தான். ஆகவே, இந்த வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து மண்ணுக்கடியில் புதைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன.

நார்வே நாட்டில் 1996 முதல் கடலடி மணற்பாறையில் வாயுவைச் செலுத்தி வருகிறார்கள். அங்கு வாயு எளிதில் கல்லாகாமல் தங்குவதால், அது மேலே வராமல் தடுக்க இறுகிய மூடுபாறை தேவை. ஐஸ்லாந்து முறை வேறு. அங்கு வாயுவே கல்லாகிவிடுகிறது.

செய்முறை என்ன?

தலைநகர் ரெய்க்யவிக் அருகே ஹெல்லிஷெய்தி என்னும் இடத்தில் பூமியின் வெப்பத்தால் இயங்கும் மின்நிலையம் உள்ளது. நிலத்தடி நீராவியுடன் கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் வெளிவருகின்றன. 'கார்ப்ஃபிக்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் இவற்றைப் பிரித்தெடுத்து, சோடா தயாரிப்பது போல அழுத்தத்தில் நீரில் கரைத்து, கிணறு வழியே ஆழத்திலுள்ள 'பசால்ட்' என்னும் எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள்.

வாயு கரைந்த நீர் சற்றுப் புளிப்பாக இருப்பதால் பாறையை அரித்து, அதிலுள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றை வெளிக்கொணர்கிறது. இவை கரியமில வாயுவுடன் சேர்ந்து சுண்ணாம்புக் கல் போன்ற கனிமமாகிப் பாறையின் துளைகளில் படிந்துவிடுகின்றன. கல்லான வாயு மீண்டும் கசிந்து வர வழியில்லை.

2012-ஆம் ஆண்டில் சுமார் 250 டன் வாயுவைச் செலுத்திச் சோதித்தார்கள். கல்லாவதற்குப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும் என்று பலரும் கருதியிருந்தனர். ஆனால் இரண்டே ஆண்டுகளுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். கண்காணிப்புக் கிணற்றின் மோட்டாரை அடைத்ததும் இந்தச் சுண்ணாம்புப் படிவுதான்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் 2013-இல் சுமார் 1,000 டன் வாயுவை, நீரில் கரைக்காமலேயே பசால்ட் பாறையில் செலுத்தினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளில் புதிய கனிம மணிகள் காணப்பட்டன.

தண்ணீர்ப் பிரச்சினை

ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவைக் கரைக்கச் சுமார் 25 டன் நீர், அதாவது 25,000 லிட்டர் வேண்டும். குடிநீருக்கே தட்டுப்பாடுள்ள பகுதிக்கு இது பெரிய சுமை. எனவே கடல் நீரைப் பயன்படுத்தும் சோதனையும் ஐஸ்லாந்தில் நடந்துள்ளது.

மக்களின் சம்மதமும் அவசியம். ஐரோப்பிய ஆலைகளின் வாயுவைக் கப்பலில் கொண்டுவந்து ஹாஃப்னர்ஃபியோர்தூர் நகரருகே புதைக்க ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. நிலத்தடி நீர் கெடுமோ, நில அதிர்வு வருமோ என்று நகரத்தார் பலர் எதிர்த்தனர். 2025-இல் அங்கு அத்திட்டம் கைவிடப்பட்டது.

நம் நாட்டில்?

மகாராஷ்டிரத்திலும் அண்டை மாநிலங்களிலும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் தக்காணப் பசால்ட் பாறை விரிந்து கிடக்கிறது. அங்குள்ள பருத்தி விளையும் கரிசல் மண் இப்பாறை சிதைந்து உண்டானதே. ஆனால் இப்பாறையின் வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். அதன் துளைகள் பலவற்றைப் பழைய கனிமங்கள் ஏற்கெனவே அடைத்துள்ளன. ஐஸ்லாந்தின் இளம் பாறையைப் போல் இது வாயுவை ஏற்கும் என்று சோதிக்காமல் சொல்வதற்கில்லை.

மேலும், அப்பகுதி விவசாயிகளின் கிணறுகளுக்கு ஊற்றுக்கண்ணும் அதே பாறைதான். ஆகவே வாயுவைச் செலுத்தும் ஆழம், பாசன நீர் ஊறும் ஆழத்துக்கு வெகு கீழே இருக்க வேண்டும். இடையில் நீர் கசியாத பாறை அடுக்கு உண்டா, கரைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், சுற்றுப்புறக் கிணற்று நீரை யார் தொடர்ந்து பரிசோதிப்பார்கள் என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வேண்டும். ஆலையின் புகையைக் கல்லாக்கலாம் என்பது உறுதியாகிவிட்டது. அதற்காகக் கிணற்று நீரை இழக்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார்.