கிட்னி கல்: லேசரா, துளையா?

சென்னை பெரும்பாக்கத்தில் கல் வலி வந்தால் பழி முதலில் போர் தண்ணீர் மேல்தான் விழும். நீரின் உப்பைவிட, குடிக்கும் அளவு குறைவதே பெரிய காரணம். வெயிலில் பைக்கில் அலையும் டெலிவரி பையன்களும், வேலையிடத்தில் நல்ல கழிப்பறை இல்லாமல் தாகத்தை அடக்கும் பெண்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

எல்லோர் கண்ணும் மில்லிமீட்டரில்தான் நிற்கும். 5 மி.மீ.க்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். 2 செ.மீ.யைத் தாண்டிய கல், சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் ஒதுங்கிய கல், கிளைவிட்டுப் பரவிய மான்கொம்புக் கல் ஆகியவைதான் சிக்கலானவை. சி.டி. ஸ்கேனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்றொரு எண் இருக்கும். அது 1000-ஐத் தாண்டினால் கல் கெட்டி. கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சைக்கு எளிதில் உடையாது.

“லேசர்லயே எடுத்துடுங்க டாக்டர்”

தழும்பு விழாது என்பதால் பலரும் கேட்பது இதைத்தான். சிறுநீர் வரும் வழியிலேயே வளையும் குழாயை ஏற்றி, லேசரால் கல்லைப் பொடியாக்கும் ஆர்.ஐ.ஆர்.எஸ். நல்ல முறைதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குப் பெரும்பாலும் இதுவே பாதுகாப்பு. ஆனால் 3 செ.மீ. கல்லை இப்படி எடுக்கப் போனால் இரண்டு, மூன்று தடவை மயக்க மருந்து, அத்தனை தடவை பில். நேரம் நீண்டால் கிருமித்தொற்று ஆபத்தும் கூடும்.

முதுகுப்புறம் சுமார் 1 செ.மீ. துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். 1976 முதல் இருக்கிறது. ரத்தக்கசிவு சற்று அதிகம், சில நாள் படுக்க வேண்டும். ஆனாலும் பெரிய கல் பெரும்பாலும் ஒரே தடவையில் வெளியேறும். என்னைக் கேட்டால், தழும்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் “எத்தனை தடவையில் முழுசாகப் போகும்?” என்று கேளுங்கள்.

1980-இல் மியூனிக்கில் தொடங்கிய அதிர்வலைச் சிகிச்சைக்குத் துளையே வேண்டாம். 2 செ.மீ.க்குள் இருக்கும், அதிகம் கெட்டியில்லாத கல்லுக்கு அது போதும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

வாழைத்தண்டு கரைக்குமா?

மாத்திரையால் கரைவது முக்கியமாக யூரிக் அமிலக் கல்தான். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத கல் அது. பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் மெல்லக் கரையும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், மான்கொம்பு அதற்கு அசையாது.

காய்ச்சலும் சேர்ந்தால்

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கல்லால் அடைபட்ட சிறுநீரை முதலில் வடிப்பார்கள். கல்லைப் பிறகு பார்க்கலாம்.

செலவும் ஸ்டென்டும்

பெரும்பாக்கத்திலேயே கிளெனீகிள்ஸ் போன்ற பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. அந்தச் செலவு தாங்காத ஹவுசிங் போர்டு குடும்பங்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

சிகிச்சைக்குப் பின் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்தால், சொன்ன நாளில் எடுத்தே ஆக வேண்டும். வலி போனதும் மறந்துவிடுபவர்கள் உண்டு; மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும். எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.