லாரியைப் பிடித்த காற்று

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். கொஞ்ச தூரத்தில் நின்றே போகும். ஐந்து நிமிடம் ஓரங்கட்டி நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். கடந்த செமஸ்டர் விடுமுறைக்கு நான் தாப்பாவுக்குத் திரும்பியபோது அப்பாவின் லாரி இந்த நிலையில்தான் இருந்தது. 1990-களில் செய்த வண்டி, மூன்று டன் ஏற்றும். அப்பா அதில் ஈப்போ சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார்.

பட்டறையில் காட்டினோம். "இன்ஜெக்‌ஷன் பம்ப் போச்சு. 2,800 ரிங்கிட், ஒரு வாரம் ஆகும்," என்றார்கள். பணத்தைவிட அந்த ஒரு வாரம்தான் அப்பாவை யோசிக்க வைத்தது. ஒரு வாரம் வராத லாரிக்காரரின் இடத்தில் அடுத்த வாரம் வேறொருவர் நிற்பார்.

"முதல்ல காத்து இழுக்குதான்னு பாப்போம்மா," என்றார் அப்பா.

டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு அமுக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்தத்தையும் மீறி டீசலைப் பீய்ச்ச வேண்டியது பம்பின் வேலை. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது. அதனால் பம்ப் தள்ளியதும் நாசல் திறந்துகொள்ளும். நடுவில் காற்று இருந்தாலோ, பம்ப் அந்தக் காற்றை மட்டும் அமுக்கிவிட்டு ஓய்ந்துவிடும், நாசல் திறக்காது. படிவம் ஐந்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம்தான் இது. அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது லாரிக்கு அடியில் படுத்திருந்தபோதுதான்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓட விட்டோம். டீசலோடு குமிழ்கள் வரிசையாக ஓடின. அப்படியானால் கோளாறு பம்புக்கு முன்னாலேயே இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டுகூட எங்கும் ஒழுகவில்லையே என்று கேட்டேன். டாங்கியிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் விரிசல் விட்டால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும் என்றார் அப்பா. ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தோம். மயிரிழை போல விரிசல்கள்.

குழாய், ஃபில்டர், கையால் அமுக்கும் பிரைமர், செம்பு வாஷர்கள். எல்லாம் சேர்த்து 140 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்கினோம். பழைய ஃபில்டரின் அடியில் தண்ணீரும் கறுப்பாக ஒரு வழவழப்பும் இருந்தன. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும் என்று படித்திருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது? 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறிய பிறகு, அப்பா டாங்கியை நிரப்புவதை விட்டுவிட்டு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றி வந்தார். பாதி காலியான டாங்கியில் ஈரக் காற்று புகுந்து இரவில் நீராகப் படியும். அதோடு நம் டீசலில் கலக்கும் பாமாயில் எரிபொருள் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கியின் கசடையும் கரைத்துக் கொண்டுவரும். சிக்கனம் பார்த்ததுதான் வினையாகிவிட்டதோ என்று தோன்றியது. அப்பாவிடம் சொல்லவில்லை.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டச் சொன்னார் பக்கத்து வீட்டு அங்கிள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. நடுத்துளையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும். பிரைமர் இருக்கும்போது அது தேவையும் இல்லை. ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் நிற்கும் வரை பிரைமரை அமுக்கி, திருகை இறுக்கினோம். பிறகு பம்பிலும் அதே வேலை.

வண்டி கிளம்பவில்லை. இரவு எட்டு மணி ஆகிவிட்டது, பேட்டரியும் சோர்ந்துகொண்டிருந்தது, விடியற்காலை நான்கு மணிக்கு லோடு. அப்பா ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால்தான் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். அது உண்மையும்கூட. ஓர் இணைப்புக்குப் புது வாஷர் போதாமல் போக, பழையதையே நான் திருப்பிப் போட்டு முடுக்கியிருந்தேன். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி சரியாகப் படியாது.

கடைகள் அடைத்துவிட்டன. அப்பா அந்த வாஷரை இடுக்கியில் பிடித்துச் சமையலறை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். எஃகை இப்படிச் செய்தால் கடினமாகும், செம்போ மிருதுவாகும். அம்மா மட்டும் வாசலில் நின்று, "அது சோறாக்குற அடுப்பு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாஷரை மாட்டி மறுபடி காற்றை வெளியேற்றினோம். மூன்றாவது முயற்சியில் வெள்ளைப் புகை கக்கியபடி எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வீட்டில் தொடக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்பையும் நாசல்களையும் நாங்கள் திறக்கவில்லை. அவற்றைச் சோதிக்கத் தனி இயந்திரம் வேண்டும். காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார் அழுத்தம். பழைய நாசலே 100 பாருக்கு மேல்தான் திறக்கிறது. புதிய காமன் ரெயில் வண்டிகளில் 1,600 பாரையும் தாண்டும். அந்த வண்டிகளின் உயர் அழுத்தக் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. ஒழுகலைக் கையால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். வடித்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் விடியற்காலை அப்பா கிளம்பியபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு ஈப்போவிலிருந்து போன் வந்தது. "மேட்டுல மூணாவது கியர்லயே ஏறிச்சும்மா," என்றார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து அவரை அழைத்து, ஃபில்டரில் தண்ணீரை வடித்தாயிற்றா என்று கேட்கிறேன். பாதி நாள் மறந்திருப்பார். போனை வைக்காமலேயே போய் வடித்துவிட்டு வருவார்.