புதுக் குசினியில் இருவர்

திருமணம் முடித்து ஜேர்மனியில் வந்திறங்கும் எமது மணப்பெண்களுக்கு முதற் சோதனையாக அமைவது புதுக் குசினியே. 2007ஆம் ஆண்டு முதல், கணவனோடு இணைய வரும் பெண்கள் பலர் எளிய ஜேர்மன் மொழித் தேர்வில் தேறியே விசா பெறுகின்றனர். அத்தேர்வு கடையில் அரிசி கேட்கக் கற்பிக்கும். அவ்வரிசியை இந்நாட்டு அடுப்பில் வேகவைக்கும் விதத்தைக் கற்பிப்பவர் யார்?

இங்கு வாடகை வீடுகள் பல, அடுப்போ அலுமாரியோ இன்றி வெறுஞ் சுவர்களோடு கையளிக்கப்படுகின்றன. மணமகள் வருமுன்னரே மணமகன் யாவற்றையும் வாங்கிப் பூட்டிவிடுவதுண்டு. சட்டிபானைகளையும் சரக்குப் போத்தல்களையும் அடுக்கும் பொறுப்பையேனும் அவளது கைக்கு விட்டுவைத்தல் நன்று. தான் அடுக்கிய குசினியே தனது குசினி என்று மனம் கொள்ளும்.

புதியவர்கள் அறியவேண்டியவை சில உள. கண்ணாடித் தட்டு மின்னடுப்பை நிறுத்திய பின்னும் சூடு சில நிமிடம் நிற்கும். புதுமனையில் பால் காய்ச்சும்போது, பொங்கியவுடன் பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. படுக்கையறையிலும் வெளியேறும் நடைவழியிலும் புகையுணர்கருவி பொருத்த வேண்டுமென எல்லா மாநிலங்களிலும் சட்டம் உண்டு. ஆகவே மிளகாய் வறுக்குமுன் குசினிக் கதவைச் சாத்தி, யன்னலை அகலத் திறந்துவிடுங்கள். தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுதல் பேராபத்து. அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடிவிடுக.

புட்டுக்கு 405 என்ற இலக்கமிட்ட கோதுமை மாவைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, சூடாறுமுன் அரித்து வைத்துக்கொள்ளலாம். மாரிகாலத்தில் தோசை மா புளிக்காவிடின், அவணுள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுதும் வைத்தால் புளிக்கும்.

இவையெல்லாம் சில வாரங்களிற் பழகிவிடும். பழகாதது தனிமை. ஊரில் மணப்பெண்ணின் அடுப்படியில் தாய் நின்றாள், மாமியார் நின்றார், கறிவேப்பிலை கேட்டு வேலியோரம் அயலவள் வந்தாள். உப்புக் கூடினும் சொல்ல ஆளிருந்தது. இங்கோ, கணவன் வேலைக்குப் போனபின் அவளோடு பேசுவது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டுமே. மொழி பயிலவும் தோழியரைத் தேடவும் வேண்டிய நாட்களை மூன்று வேளைச் சமையலே விழுங்கிவிட்டால், தேர்வுக்குப் படித்த மொழியும் மறந்துபோகும்.

இந்தக் குசினியின் வாத்தியார் கணவனே. 1980களில் தனியாக வந்த எமது இளைஞர்கள் உணவகங்களிற் கோப்பை கழுவி, பின்னர் சமையலும் கற்றுக் குடும்பங்களைத் தாங்கினர். அவர்களின் பின்வந்தோரும் தனியறைகளில் தாமே சமைத்து உண்டவர்களே. தாலி கட்டிய மறுநாள் அக்கைத்திறன் எங்கே மறைகின்றது? உணவகத்தில் நூறு பேருக்குச் சமைப்பவர், வீட்டில் ஒரு தேநீருக்குக் குரல் கொடுத்துக் காத்திருத்தல் அழகாகுமா?

இளந் தம்பதியரே, முதல் மாதம் இருவரும் சேர்ந்தே சமையுங்கள். வெங்காயம் அரியும் வேளையிற் பத்துச் சொல் ஜேர்மன் பேசுங்கள். வாரத்தில் சில மாலைகளேனும் அவள் மொழி வகுப்புக்குச் செல்லட்டும். அன்று சோறும் கறியும் அவர் பொறுப்பாகட்டும். அவள் வீடு திரும்பும்போது சோறு சற்றுக் குழைந்திருப்பினும் குற்றமில்லை.